படலைக்கு வெளியே நிற்கும் வெருண்ட நாய்

மக்கள் இடம்பெயரும்போது நாய்கள் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவிலும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராகக் கிழக்கு நோக்கிப் போனபோதும் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். நாயை யாரும் பிடிக்கவுமில்லை, அவிழ்க்கவுமில்லை. அது தானாகவே கொஞ்சத் தூரம் பின்னால் வந்தது. பிறகு சனத்துக்குள் தவறியது, அல்லது திரும்பி வெறும் வீட்டுக்கே போனது.

2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்படும்வரை பல குடும்பங்கள் தம் காணியைக் காணவில்லை. திரும்பி வந்தவர்கள் பற்றை மண்டிய வளவுகளையும் தூர்ந்த கிணறுகளையும் கண்டதோடு, மனிதரைக் கண்டால் காட்டுக்குள் பாயும் நாய்களையும் கண்டார்கள். ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தாலே பெரிய காரியம். ஆகவே அன்று தவறிய நாய்களில் இன்று எதுவும் உயிரோடு இருக்கப் போவதில்லை. இப்போது எமது படலைகளுக்கு வெளியே நிற்பவை அவற்றின் பேரன் பேத்திகளும், அதன் பின்னர் சந்தையடியிலும் மதகடியிலும் சாக்கில் கொண்டுவந்து கொட்டப்பட்ட குட்டிகளும் ஆகும்.

இவ்வாறான நாய் ஒன்று ஒரு குடியிருப்புக்கு வந்தால் நடப்பது என்ன? பிள்ளைகள் கல்லெறிவார்கள். ஒருவர் பொல்லெடுத்துக் கலைப்பார். இன்னொருவர் இரக்கப்பட்டு மிஞ்சிய சோற்றை வேலிக்கு மேலால் எறிவார். கோழி ஒன்று காணாமற் போனால், யாரோ இரவில் கருவாட்டுத் துண்டில் நஞ்சு வைப்பார். நஞ்சு வைப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்துக்கு மாறானது என்பது ஒரு புறமிருக்க, அந்தக் கருவாட்டை யார் தின்பார் என்பதை வைத்தவர் தீர்மானிக்க முடியாது. அயல்வீட்டுக் காவல் நாயும் பூனையும் காகமும் சாகும். அந்த இடம் வெறுமையாகவும் இருக்காது. குப்பையும் எச்சிற் சோறும் இருக்கும்வரை அடுத்த ஊர் நாய் அங்கே வந்து சேரும். வருகின்ற நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்பது எவருக்கும் தெரியாது. அறியாத நாயை விட அறிந்த நாயே ஊருக்குப் பாதுகாப்பு என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

காட்டோரத் தோட்டம் செய்கின்றவர்களுக்கு நாயின் பெறுமதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கச்சானுக்குப் பன்றி வரும்போதும் மரவள்ளியைக் கிளறும்போதும் முதலிற் குரைப்பது நாய்தான். ஆண்துணையின்றிப் பிள்ளைகளோடு கொட்டிலில் படுக்கின்ற தாய்மாருக்கு அது இன்னும் பெரிய காரியம்.

பயம் எங்கிருந்து வருகின்றது?

அடிபட்ட நாய்தான் பயப்படும் என்று பலர் எண்ணுகின்றார்கள். அடி ஒரு காரணம். ஆனால் ஒருபோதும் அடிபடாத நாயும் வெருளலாம். நாய்க்குட்டியின் வாழ்வில் ஏறக்குறைய மூன்றாம் கிழமை தொடக்கம் பன்னிரண்டாம் பதினான்காம் கிழமை வரையான காலம், யார் தன் கூட்டாளி, யார் அந்நியன் என்று அது படிக்கின்ற காலமாகும். 1961இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் உயர்ந்த வேலி அடைத்த வெளியொன்றில் மனிதரின் கைபடாமல் குட்டிகளை வளர்த்துப் பார்த்து, அதன் பெறுபேற்றை வெளியிட்டார்கள். இடையிடையே வெவ்வேறு வயதில் சில குட்டிகளை ஒரு கிழமை மட்டும் எடுத்துப் பழக்கினார்கள். ஐந்து முதல் ஒன்பது கிழமைக்குள் அந்த ஒரு கிழமை கிடைத்த குட்டிகள் மனிதரோடு நன்றாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு கிழமை வரை எவரும் தொடாத குட்டிகள் காட்டு மிருகம் போலாகிவிட்டன. பிறகு எவ்வளவு பழக்கியும் அவை முழுதாக வரவில்லை.

இதிலிருந்து எமக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. பற்றைக்குள் பிறந்து வளர்ந்த பெரிய நாய் எப்போதும் ஓர் எட்டுத் தள்ளியே நிற்கலாம். அது உங்கள் பிழையுமல்ல, நாயின் பிழையுமல்ல. அதேவேளை, ஒரு வீட்டில் குட்டியாக வளர்ந்து பின்னர் துரத்தப்பட்ட நாயானால், அதன் உள்ளே பழைய பழக்கம் கிடக்கின்றது. பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். எது எந்த வகை என்று முதல் நாளே சொல்ல முடியாது. ஆனால், கூப்பிட்டால் காதைத் திருப்பிக் கேட்பதும், கண்ணில் படும் தூரத்தில் நின்று வாலை மெல்ல அசைப்பதும் முன்பு வீடு கண்ட நாயின் குணங்கள்.

ஓசையும் ஒரு காரணம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 அதிர்வு வரையே கேட்கும். நாயின் காது அதன் இரு மடங்குக்கும் மேலே கேட்கும். கோயில் திருவிழா வெடியும் வருடப்பிறப்பு வெடியும் எமக்குச் சந்தோசம். அதற்கோ எங்கிருந்து வருகிறதென்று விளங்காத ஆபத்து. வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு பதறுகின்ற பெரியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பயமா, விசரா?

இதை முதலில் பிரித்தறிய வேண்டும். வெருண்ட நாய் வாலைக் கால்களுக்கிடையே செருகும், காதைப் பின்னால் மடிக்கும், உடம்பைத் தாழ்த்தும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும், கண்ணின் வெள்ளை தெரியும். சாப்பாடு இல்லாதபோதும் நாக்கால் மூக்கை நக்கும்; நித்திரை வராதபோதும் கொட்டாவி விடும். இவையெல்லாம் ‘என்னை விட்டுவிடு’ என்று அது சொல்லும் விதம். வழி இருந்தால் ஓடும். வழி அடைபட்டால் மட்டும் பல்லைக் காட்டும். சட்டென்று ஆடாமல் அசையாமல் விறைத்து நின்றால், அடுத்தது கடிதான், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

விசர் பிடித்த நாயில் முதலில் தெரிவது குணமாற்றம். சாதுவான நாய் காரணமின்றிக் கடிக்கும், கல்லையும் தடியையும் கூடக் கடிக்கும். குரைப்பின் தொனி மாறும். வாயிலிருந்து வீணீர் வடியும், விழுங்க முடியாது, தாடை தொங்கும், பின்னங்கால் தள்ளாடும். சில நாய்கள் மூர்க்கமே கொள்ளாமல் இருட்டு மூலையில் ஒதுங்கிக் கிடந்து சாகும். இந்த ஊமை விசர்தான் அதிகம் ஏமாற்றுவது, ஏனென்றால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதென்று எண்ணி வாய்க்குள் கைவிடுகின்றவர்கள் உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள். நேற்றுவரை எவரையும் அண்டாத கட்டாக்காலி நாய் இன்று தானாக வந்து உரசினால் மகிழ வேண்டாம், தள்ளி நில்லுங்கள். இப்படியான நாயைக் கண்டால் பழக்கும் வேலை எதுவும் வேண்டாம். பிள்ளைகளையும் ஆடு மாட்டையும் உள்ளே எடுத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள்.

அணுகும் விதம்

சுவிஸ் நாட்டு விலங்கியலாளர் ஹெடிகர் என்பவர் மிருகங்களுக்கு ஒரு விலகும் தூரம் உண்டென்று விளக்கினார். அந்த எல்லைக்கு அப்பால் நீங்கள் நின்றால் அது தன் பாட்டில் நிற்கும். உள்ளே ஓர் அடி வைத்தால் ஓடும். ஓட வழியின்றி இன்னும் நெருங்கினால் பாயும். வேட்டைக்காரருக்கும் மாடு சாய்க்கிறவர்களுக்கும் இது அனுபவத்தால் தெரிந்ததே. வெருண்ட நாயைப் பழக்குவதென்பது இந்தத் தூரத்தைக் குறைப்பதைத் தவிர வேறில்லை. அதைக் குறைக்க வேண்டியது நாய், நீங்கள் அல்ல.

மடுப் பக்கத்து மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் பிள்ளைகளோடு தனித்திருந்த தாய் ஒருவர் இதைச் செய்த விதம் எந்தப் புத்தகத்தையும் விட நல்ல பாடமாக இருந்தது. மண்ணிறப் பெட்டை நாய் ஒன்று அவரது வளவுக்கு எதிரேயிருந்த மதகின் கீழ் வந்து தங்கியது. ஆளைக் கண்டால் முப்பது அடியில் எழுந்து ஓடும். அவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரே நேரத்தில், ஒரே சிரட்டையில், மீன் கழுவி அவித்த தண்ணீரில் பிசைந்த சோறு ஒரு பிடி கொண்டுபோய் நாற்பது அடியில் வைத்துவிட்டு, ‘வா’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார். ஐந்தாறு நாளின் பின் சிரட்டைக்குப் பக்கத்தில் நிற்காமல், வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, நாய்க்கு முதுகைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு குந்தியிருந்து உழுந்து புடைத்தார். நாய் அவரைப் பார்த்துப் பார்த்துத் தின்றது. பிறகு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சிரட்டை ஒரு முழம் படலைப் பக்கம் நகர்ந்தது. நாய் தயங்கி நின்ற நாளில் சிரட்டை பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது. அயலவர்கள் சிரித்தார்கள். “அது சோத்துக்குப் பயப்பிடேல்லை, என்ரை கையுக்குத்தான் பயப்பிடுது. கை என்ன செய்யுதெண்டு அது பாத்து முடிக்கட்டும்” என்றார் அவர்.

அந்த நாய் மண்வெட்டியைத் தோளில் வைத்து வருபவரைக் கண்டால் மட்டும் மதகுக்குள் பதுங்கியது. தோளுக்கு மேலே நீட்டி நிற்பது எதுவும் அதற்குப் பொல்லுத்தான். இதைக் கவனித்த அவர் மண்வெட்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார், மகனையும் அப்படியே நடக்கச் சொன்னார். ஐந்தாம் கிழமை எங்கோ வெடி கொளுத்தினார்கள். நாய் மூன்று நாள் காணாமற் போனது. திரும்பி வந்தபோது பழைய நாற்பது அடியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் இம்முறை பத்து நாளில் படலைக்கு வந்துவிட்டது. எல்லாமாக இரண்டு மாதத்துக்கு மேற் சென்றது.

இதில் நாம் பின்பற்றக்கூடியவை பல. தொடக்கத்தில் ஒரே ஆள் செய்ய வேண்டும், பிள்ளைகள் கூட்டமாய்ப் போகக் கூடாது. கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பது நாயின் பாசையில் சண்டைக்கு அழைப்பதாகும். ஆகவே பார்வை நிலத்தில் இருக்கட்டும். நிமிர்ந்து நேரே நடக்காமல் வளைந்து போங்கள். மூலைக்குள் மறிக்க வேண்டாம், ஓடும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அது தானாக வந்து உங்கள் கையை மணந்து பார்த்த பின்னரும் அன்றே தொட வேண்டாம். தொடும் நாளில் தலைக்கு மேலால் கையைக் கொண்டு போகாமல், நாடிக்குக் கீழே அல்லது நெஞ்சில் மெல்லத் தடவி, இரண்டு நொடியில் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமானால் அதுவே நெருங்கி வரும்.

பசியில் வற்றிய நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுப்பது கூடாது. சிறிது சிறிதாக மூன்று நான்கு தரம் கொடுங்கள். தூளும் வெங்காயமும் போட்ட கறி வேண்டாம். அவித்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும், அதுவும் வேண்டாம். தண்ணீர்ச் சட்டியை மறவாதீர்கள். குளம் வற்றும் ஆடி, ஆவணியில் சோற்றை விட அது பெரிது.

முதல் வாரமே கழுத்தில் சங்கிலி போட்டு மரத்தில் கட்டுவது பலர் செய்யும் வேலை. ஓட முடியாத வெருண்ட நாய்க்குக் கடியைத் தவிர வேறு வழி தெரியாது. அப்படிக் கட்டப்பட்ட நாய்தான் பின்னர் ‘கடிநாய்’ என்று பெயரெடுக்கின்றது. பழகிய பின் கழுத்துப்பட்டி போடுங்கள், சில நாட்கள் அது பட்டியோடு மட்டும் திரியட்டும், கயிறு பிறகு.

உண்ணிக்கும் தெள்ளுக்கும் தோட்டத்துப் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் எமது விவசாயிகளிடம் உண்டு. இது கண்டிப்பாக நிறுத்தப்பட வேண்டியது. அந்த மருந்து தோலால் ஊறும். நாய் தன் உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். வீணீர் வடித்து, நடுங்கி, இழுத்து அது செத்துப் போகலாம். குளிப்பாட்டிய கைக்கும், அதைக் கட்டிப்பிடிக்கும் பிள்ளைக்கும் நஞ்சுதான். நாய்க்குரிய உண்ணி மருந்தைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். பழகாத நாயானால் உண்ணி இருந்துவிட்டுப் போகட்டும், பழகும்வரை பொறுக்கலாம்.

ஊசியும் கருத்தடையும்

நாய் கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டியது விசர்நோய்த் தடுப்பூசி. இலங்கையில் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்ததாகப் பதிவாகியது. அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துகளாகக் குறைந்திருக்கின்றது. நாய்களுக்குப் பரவலாக ஊசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கொடுத்ததுமே இதற்கு முக்கிய காரணம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை அரசு 2006இல் கைவிட்டது. ஊசியும் கருத்தடையுமே அதன்பின் வழியாகின. சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு ஊசி போட வரும் நாளை முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கிராம அலுவலரிடமோ கேட்டு வையுங்கள். வருடத்துக்கொருமுறை போட வேண்டும், அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். நாயைப் பிரதேச சபையில் பதிவதற்கும் அந்த அட்டை உதவும். கைக்கு வராத நாய் இருந்தால் அதையும் சொல்லுங்கள், வலை கொண்டு வருவார்கள். உங்கள் சிரட்டைக்கு அது ஒரே நேரத்துக்கு வரும் பழக்கம் அன்று பெரிய உதவியாக இருக்கும்.

பெட்டை நாய் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் முதன்முறை பருவத்துக்கு வரும், அதன்பின் வருடத்தில் ஏறக்குறைய இரு தடவை. சுமப்பது இரண்டு மாதம்தான். அந்தக் குட்டிகளில் கடுவன்களை அயலவர் கேட்டு வாங்குவார்கள். பெட்டைகளைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர்ச் சந்தையடியில் விடுவார்கள். அடுத்த ஊரவர் தம் பெட்டைக் குட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் ஊரில் விடுவார்கள். வெருண்ட நாய்களை உற்பத்தி செய்வது இந்தச் சாக்குத்தான் என்பது என் எண்ணம். பெண் குட்டியென்று கொட்டுகின்ற கை, வேறு சில இடங்களிலும் அவ்வாறே கணக்குப் பார்க்கின்றது. அதை இங்கே விரிக்கவில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை நாள் எப்போது நடக்குமென்று கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து, இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு லாண்ட்மாஸ்டரில் கொண்டு போனால் செலவு பகிரப்படும். சத்திரசிகிச்சை செய்த நாயின் காதில் சிறு வெட்டு அடையாளம் இடுவது பல இடங்களில் வழக்கமாகும்.

குட்டிகள் ஏற்கெனவே பிறந்துவிட்டால், மூன்றாம் கிழமைக்குப் பின் நாளுக்கு நாலைந்து தடவை பிள்ளைகள் பெரியவர் ஒருவரின் முன்னிலையில் அவற்றை மெல்லத் தூக்கிப் பழகட்டும். தாய் நாய் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும். எட்டாம் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கும், கடிபட்டால் எல்லோருக்கும்

பிள்ளைகளுக்கு மூன்று காரியங்கள் சொல்லிக் கொடுங்கள். தின்னும் நாயையும், படுத்திருக்கும் நாயையும், குட்டியோடிருக்கும் நாயையும் தொடக் கூடாது. நாய் துரத்தினால் ஓடக் கூடாது. கைகளை உடம்போடு வைத்து, பனங்குற்றி போல அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூட வேண்டும். இன்னொன்று, நாய் கடித்தால் அடி விழும் என்ற பயத்தில் பிள்ளை அதை வீட்டில் மறைக்கும். மறைத்தால்தான் ஆபத்து. ஆகவே அடிக்க மாட்டோம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

எந்த நாய் கடித்தாலும், பல் கீறினாலும், புண்ணில் நக்கினாலும், உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் வாளியால் ஊற்ற மற்றவர் கழுவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். பார்வை பார்ப்பதற்கோ கல்லு வைப்பதற்கோ போய் நேரத்தை இழக்க வேண்டாம். நோய் தோன்றியபின் காப்பாற்ற வழியில்லை. தோன்றுமுன் போடும் ஊசி காப்பாற்றும். 1885 ஜூலை 6ஆம் திகதி பிரான்சில் லூயி பாஸ்ரர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதல் இந்த ஊசிமுறையைத் தொடங்கினார். அந்தச் சிறுவன் பிழைத்தான்.

கடித்த நாயை உடனே அடித்துக் கொல்ல வேண்டாம். அது தெரிந்த நாயானால் 10 முதல் 14 நாள் வரை உயிரோடு சுகமாக இருக்கிறதா என்று பார்ப்பதே வைத்தியருக்குப் பெரிய தகவல். அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடவும் கூடாது. நாய் அந்நாட்களில் இறந்துவிட்டால் புதைக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். தலையை ஐஸ் கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க முடியும். வெறுங்கையால் அதைத் தூக்க வேண்டாம்.

முதல் ஊசியோடு புண் ஆறிவிட்டதென்று நின்றுவிடுகின்றவர்கள் எமது கிராமங்களில் அதிகம், குறிப்பாக அரிவு வெட்டுக் காலத்தில். மிச்ச ஊசித் திகதிகளை ஆஸ்பத்திரி அட்டையில் பார்த்துக் கலண்டரில் குறித்து, அந்த நாட்களில் வயலுக்கு வேறொருவரை அனுப்ப முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.